‘டி’யில் வைத்தால் போதுமா?

“எல்லாவற்றையும் ‘டி’யில் போட்டு வைத்திருக்கிறோம், பயமில்லை” என்று சொல்லாத வீடு நம் மாணவியரின் வீடுகளில் அரிதாகவே இருக்கும். அக்காவின் திருமணப் படங்கள் டியில். அப்பாவின் வருமான வரிக் கணக்கு டியில். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கென்று இரவெல்லாம் தட்டச்சு செய்த குறிப்புகளும் டியில். ‘சி’ என்பது விண்டோஸின் இடம், அது என்றைக்கு வேண்டுமானாலும் கெடும். ‘டி’ நம்முடைய இடம், அதற்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு நம்பிக்கை எப்படியோ நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதில் பாதி சரி, பாதி பெரும் பிழை. பிழையான அந்தப் பாதியைக் கணினி வகுப்பிலேயே களைந்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. பட்டுத் தெரிந்துகொண்ட கருத்தாகையால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். ஆண்டு மலர் வேலை பாதி முடிந்திருந்தது. கணினி அறையில் சன்னலோரம் இருந்த கணினிதான் மலர்க் குழுவினராகிய எங்களுடையது. விளையாட்டு விழாப் படங்கள், கட்டுரைகள், கவிதைகள், ஆண்டறிக்கை எல்லாம் அதில்தான் இருந்தன. நாங்களும் விவரம் தெரிந்தவர்களைப் போல, சியில் ஒரு பிரதி, டியில் ஒரு பிரதி என்று நாள்தோறும் மாலை மணி அடிப்பதற்குள் நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஒரு திங்கட்கிழமை காலை பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஓர் ஒலி. துவக்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு. பழுதுபார்க்க வந்தவர் வன்தட்டைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோகப் பெட்டி, அவ்வளவுதான். “டி எங்கே அண்ணா?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். “இதுதாம்மா சி, இதுதாம்மா டி” என்றார் அவர்.

கட்டுரைகளும் கவிதைகளும் மாணவியரின் நோட்டுகளில் இருந்தன. திரும்பத் தட்டச்சு செய்தோம். விளையாட்டு விழாப் படங்களைப் பெற்றோர்களின் கைபேசிகளிலிருந்து திரட்டினோம். ஆனால் அந்த ஆண்டு ஓய்வு பெற்றுப் போன ஆயாம்மாவின் படமும், அவர் தம் பள்ளி நினைவுகளை நாற்பது நிமிடம் பேசிய ஒலிப்பதிவும் வேறெங்கும் இல்லை. அவர் மகளின் ஊருக்குப் போய்விட்டார். மறு ஆண்டு மறைந்தும் போனார். அந்த மலரில் அவரைப் பற்றிய பக்கம் படமில்லாமல் வெளிவந்ததை வாசகர்கள் கவனித்திருக்கலாம். காரணம் இதுதான்.

நம் அம்மாக்களின் அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடுகு ஓர் அறையில், சீரகம் ஓர் அறையில், வெந்தயம் ஓர் அறையில். ஒன்றோடொன்று கலப்பதில்லை, சீரக அறையைக் கழுவித் துடைத்தாலும் கடுகுக்குக் கேடில்லை. ஆனால் பெட்டியே கிணற்றில் விழுந்தால்? சியும் டியும் இயும் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே வன்தட்டின் அறைகள்தாம். விண்டோஸ் பழுதாகி அதைத் திரும்ப நிறுவும்போது சியை மட்டும் அழித்து எழுதுவார்கள். டியில் உள்ளவை பிழைக்கும். பெரியவர்களின் நம்பிக்கையில் சரியான பாதி இதுவே. இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வன்தட்டின் படிக்கும் முனை பழுதானாலோ, மின்சுற்று எரிந்தாலோ, மடிக்கணினியே பேருந்தில் களவு போனாலோ எல்லா எழுத்துகளும் ஒன்றாகவே போகும்.

அப்படியானால் இந்த எழுத்துகள் எதற்காக வந்தன? ஏயும் பியும் எங்கே போயின? தங்கையர் பலர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கேரி கில்டால் என்னும் அமெரிக்கர் 1974-இல் உருவாக்கிய சிபி/எம் என்ற இயக்க முறையில், நெகிழ்வட்டுகளைச் செருகும் இயந்திரங்கள் ஏ, பி என எழுத்துகளால் அழைக்கப்பட்டன. (அவருடன் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை நிறுவியவர் அவருடைய மனைவி டோரதி மெக்யூவன் என்பதைப் பெண்கள் பள்ளி மலரில் எழுதாமல் விட மனம் வரவில்லை.) 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். கணினியும் அந்த வழக்கத்தையே ஏற்றது. அதன் நெகிழ்வட்டு ஒன்றில் 160 கிலோபைட்டுதான் கொள்ளும். இன்றைய கைபேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. நெகிழ்வட்டு இயந்திரம் ஒன்றே இருந்தாலும் அதுவே ஏ, அதுவே பி. வட்டை மாற்றிச் செருகும்படி கணினி கேட்கும். நாம் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். ஆக, ஒரு பொருளுக்கு இரண்டு எழுத்து என்னும் மயக்கம் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது! 1983-இல் 10 மெகாபைட் வன்தட்டுடன் ஐ.பி.எம். எக்ஸ்டி வந்தபோது ஏயும் பியும் நெகிழ்வட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால் வன்தட்டுக்குச் சி கிடைத்தது. நெகிழ்வட்டு மறைந்தும் சி தன் இடத்திலிருந்து நகரவில்லை.

ஒரே தட்டை அறுத்து அறுத்துச் சி, டி, இ என்று ஆக்கும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-இன் முதற்பதிப்பு, ஓர் எழுத்துக்கு 2 கிகாபைட்டுக்கு மேல் கையாளாது. நான்கு கிகாபைட் தட்டு வாங்கியவர்கள் அதைக் கூறுபோட்டே ஆக வேண்டும். மறு ஆண்டே ஃபேட் 32 வந்து அந்தக் கட்டு அறுந்தது. கட்டு அறுந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. புது மடிக்கணினி ஒரே சியுடன் வந்தால், கடையில் கூடுதல் பணம் கொடுத்து நான்காக வெட்டி வாங்கி வருகிறோம். அந்தப் பணத்துடன் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நல்ல பென் டிரைவ் ஒன்று வாங்கலாமே!

இனி எங்கள் இரண்டாவது கூத்து. முதல் இழப்புக்குப் பின் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் மலருக்கென்று தனி வெளித்தட்டு ஒன்று வாங்கித் தந்தார். புதுக் கணினியில் அதைச் செருகினோம். ‘எஃப்’ என்று தோன்றியது. ஐ.டி. படிக்கும் பழைய மாணவி ஒருவர், ஒரு சொடுக்கில் மலர்க் கோப்புகள் யாவும் எஃப்-க்கு நகலாகும்படி சிறு கட்டளைக் கோப்பு எழுதித் தந்தார். நாங்களும் மூன்று வாரம் மனநிறைவோடு சொடுக்கி வந்தோம். ஒருநாள் வெளித்தட்டைத் திறந்தால் முதல் நாள் வைத்தவை தவிர ஒன்றுமில்லை. நடந்தது இதுதான். எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தன் அறிவியல் கண்காட்சிக் கோப்புகளுடன் பென் டிரைவைக் காலையிலேயே அதே கணினியில் செருகி வைத்துவிடுவாள். அப்போது எஃப் காலியாக இருக்கும்; விண்டோஸ் அதை அவளுடைய பென் டிரைவுக்குக் கொடுத்துவிடும். மாலையில் நாங்கள் செருகும் வெளித்தட்டு ‘ஜி’ ஆகும். கட்டளையோ எஃப் எங்கே என்று தேடிப் போய் மலர் முழுவதையும் அவளுடைய பென் டிரைவில் கொட்டிக்கொண்டிருந்தது. “அக்கா, என் பென் டிரைவில் இடமே இல்லை” என்று அவள் இரண்டு முறை முறையிட்டதை நாங்கள்தாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வருகைப் பதிவேட்டில் நமக்கு எண் இருக்கிறது. பதினேழு என்று கூப்பிட்டால் எழுந்து நிற்கிறோம். அடுத்த ஆண்டு வகுப்பு மாறினால் பதினேழு வேறொருத்தி. அந்த எண் நம்முடையதன்று, பதிவேட்டினுடையது. டிரைவ் எழுத்தும் அப்படியே. இன்ன தட்டுக்கு இன்ன எழுத்து என்னும் குறிப்பை விண்டோஸ் தன் பதிவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது, தட்டில் எழுதுவதில்லை. மறுமுறை செருகும்போது பழைய எழுத்து காலியாக இருந்தால் அதையே தரும். வேறொன்று உட்கார்ந்திருந்தால் அடுத்ததைத் தரும். அலுவலகக் கணினியில் அதே தட்டு வேறெழுத்துடன் தோன்றும். ஆனால் தட்டுக்கு நாம் சூட்டும் பெயர் தட்டிலேயே எழுதப்படுவது. எங்கு போனாலும் அதுவும் உடன் போகும். என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த தட்டில் அந்தப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம், 32 எழுத்துக் குறிகள் வரை. மேக், லினக்ஸ் கணினிகளில் இந்த ஏ, பி, சி கிடையவே கிடையாது; அங்கே செருகிய தட்டு பெரும்பாலும் தன் பெயராலேயே தோன்றும். இந்த ஒன்றில் அவர்கள் நம்மைவிடத் தெளிவானவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

எழுத்தை மட்டும் நம்புவது பழுதுபார்க்கும் வேளையில் இன்னும் ஆபத்தானது. கணினி துவங்காதபோது மீட்புத் திரைக்குள் போனால், அங்கே நம் வழக்கமான சி, டியாகவோ வேறெழுத்தாகவோ தோன்றக்கூடும். “சியைத்தானே அழிக்கிறேன்” என்று அங்கே கட்டளை கொடுப்பவர் எதை அழிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. விண்டோஸை நிறுவும் திரையிலோ எழுத்துகளே இரா. டிரைவ் 0, பார்ட்டிஷன் 3 என்று எண்கள்தாம் இருக்கும். பெயர் சூட்டி வைத்திருந்தால் அந்தப் பெயரும் கூடவே தெரியும். ஆகவே பெற்றோர்கள் பழுதுபார்ப்பவரிடம் “டியைத் தொடாதீர்கள்” என்று சொல்வதைவிட, “குடும்பப் படங்கள் என்று பெயரிட்ட, இத்தனை கிகாபைட் உள்ள பிரிவைத் தொடாதீர்கள்” என்று சொல்வது நலம்.

நம் வீட்டுச் சியும் டியும் ஒரே தட்டா, இரண்டா? பார்ப்பது எளிது. விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறந்தால், கீழ்ப்பகுதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசைகள் தெரியும். ஒரு வரிசை பொதுவாக ஒரு தட்டு. சியும் டியும் ஒரே வரிசையில் இருந்தால் அவை ஒரே அஞ்சறைப் பெட்டி. எழுத்தை மாற்ற வேண்டுமானால் அந்தப் பிரிவின் மேல் வலச் சொடுக்கி, சேஞ்ச் டிரைவ் லெட்டர் என்பதைத் தேர்ந்தால் போதும். அதே பட்டியலில் ஃபார்மட், டெலீட் வால்யூம் என்பனவும் இருக்கின்றன. அவற்றின் பக்கம் சிறிய தங்கையர் விரல் போக வேண்டாம், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். விண்டோஸ் இருக்கும் சியின் எழுத்தை மாற்ற அது இடம் தராது. மென்பொருள்களை நிறுவி வைத்திருக்கும் பிரிவின் எழுத்தையும் மாற்ற வேண்டாம். அவை பழைய முகவரியையே தேடிக்கொண்டு நிற்கும்.

எங்கள் வெளித்தட்டுக்கு இப்போது ‘எம்’ என்று எழுத்து கொடுத்திருக்கிறோம். வரிசையில் தள்ளி இருக்கும் எழுத்தாதலால் வந்துபோகும் பென் டிரைவ்கள் அவ்வளவு எளிதில் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. கட்டளைக் கோப்பையும் திருத்திவிட்டோம். நகலெடுக்கும் முன் அது தட்டின் பெயரைப் பார்க்கிறது, ‘மலர்’ என்று இல்லையானால் மறுத்துவிடுகிறது. நகல் முடிந்ததும் தட்டைக் கழற்றி விடுகிறோம். இதற்கும் காரணம் உண்டு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற நச்சு நிரல்கள், செருகியிருக்கும் தட்டு எந்த எழுத்தில் இருந்தாலும் விடாமல் தேடிப் போய்க் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவை. கழற்றி அலமாரியில் வைத்த தட்டை அவை எட்டா.

நம் கணினி வகுப்பில் எம்.எஸ். வேர்டும் பவர் பாயிண்டும் கற்றுத் தருகிறார்கள், நன்றி. ஆறாம் வகுப்பிலேயே ஒரு பாடவேளை ஒதுக்கி, கெட்டுப்போன பழைய வன்தட்டு ஒன்றைத் திறந்து எல்லார் கையிலும் கொடுத்து, “சியும் டியும் இதுதான்” என்று காட்ட வேண்டும் என்று ஆசிரியைகளை வேண்டிக்கொள்கிறோம். எங்கள் அந்தப் பழைய தட்டு இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வேண்டுகோள் சிஸ்டர் அவர்களுக்கு: வெளித்தட்டு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் கணினி இருக்கும் அதே அறையில் இருக்கிறது. இரண்டாவது ஒன்று வாங்கி நூலகத்தில் வைக்க அனுமதித்தால், இந்த ஆண்டு ஓய்வு பெறும் தமிழம்மாவின் பேட்டியை அதிலும் ஒரு பிரதி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போவோம்.