இரவல் நகையில் ஓர் எழுத்துப் பிழை

எவரும் வழக்குத் தொடுக்காமலே நீதிமன்றம் ஒரு பொருளைத் தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது என்னும் செய்தி வெளிவரும் நாளில், புணேவாழ் தமிழ்க் குடும்பத்தார் அதனை மூன்று மொழிகளில் படிக்கும் பேறு பெற்றிருக்கின்றனர். மராத்தி நாளிதழ் ‘ஸ்வதஹூன்’ என்கின்றது. தமிழ் நாளிதழ் ‘தாமாக முன்வந்து’ என்கின்றது. இரண்டும் பிழையற்றவை, பள்ளி வாயிலை மிதித்தறியாத பாட்டிக்கும் விளங்குபவை. ஆங்கிலத்தில் மட்டும் ‘சுவோ மோட்டோ’ என்னும் விந்தைத் தொடர் அடிக்கடி அச்சேறுகின்றது. செய்தித் தலைப்புகளில் காண்கின்றோம்; அலுவலகக் கடிதங்களில் காண்கின்றோம்; நம்மவர் எழுதும் சுற்றறிக்கைகளிலும் காண்கின்றோம். ஆனால் அப்படியொரு தொடர் இலத்தீனில் இல்லை. உள்ளது ‘சுவோ மோட்டு’. ஈற்றில் நிற்க வேண்டியது உகரமேயன்றி ஓகாரம் அன்று.

ஓர் எழுத்துக்கு இத்தனை ஆரவாரமா என்று அன்பர்கள் வினவலாம். ‘மரத்தால் செய்த நாற்காலி’ என்பதை ஒருவர் ‘மரமால் செய்த நாற்காலி’ என்று எழுதினால் நாம் நகையாமல் இருப்போமா? இங்கு நிகழ்ந்திருப்பதும் அதுவே. இலத்தீனில் ‘மோட்டுஸ்’ என்பது அசைவு, தூண்டுதல் என்னும் பொருளுடைய பெயர்ச்சொல். நம் மூன்றாம் வேற்றுமையை ஒத்த நிலையில் அது ‘மோட்டு’ என்றாகும். ‘சுவோ’ என்பது ‘தன்னுடைய’ என்னும் அடைமொழி. ஆகவே ‘தன் தூண்டுதலால்’ என்பது தொடரின் பொருள். அம்மொழியில் பெயர்கள் ஐந்து வகையாகப் பிரிந்து உருபு ஏற்கின்றன. அடைமொழி இரண்டாம் வகையைப் பின்பற்றுகின்றது. பெயரோ நான்காம் வகையைச் சார்ந்தது. இரண்டும் வேற்றுமையில் ஒத்திருந்தால் போதும். ஓசையில் ஒத்திருக்க வேண்டுவதில்லை. எதுகையை நாடிய செவி, ‘சுவோ’வுக்கு இணையாக ‘மோட்டோ’ என்று கட்டிவிட்டது. போப்பாண்டவர் தாமே முன்வந்து வெளியிடும் ஆணைமடலுக்கு ‘மோட்டு ப்ரோப்ரியோ’ என்று பெயர். அங்கும் அடைமொழி ஓகாரத்தில் முடிகின்றது. பெயர் உகரத்தில்தான் நிற்கின்றது. (இருசக்கர வண்டிகள் மலிந்த நம் புணேயில் ‘மோட்டோ’ என்றதும் மோட்டார் நினைவுக்கு வருவது இயல்பே. இரண்டும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவைதாம். ஆயினும் நீதிமன்றம் மோட்டாரில் ஓடுவதில்லை!)

மொழி மாறுவது இயற்கையன்றோ, இந்தியர் அனைவரும் ‘மோட்டோ’ என்றால் அதுவே இந்திய ஆங்கிலம் அன்றோ என்பார் உளர். மாற்றத்தை மறுப்பவர் அல்லர் நாம். ‘அஜெண்டா’ இலத்தீனில் பன்மை, ஆங்கிலத்தில் ஒருமையாகிவிட்டது, எவரும் வருந்தவில்லை. இரவல் சொல்லுக்கு இலக்கணம் வகுத்த மரபில் வந்தவர்கள் நாம். வடசொல்லை எடுத்தாள்வோர் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தார். அது சொல்லை வீட்டு மனிதராக்கிக்கொள்ளும் முறை. ‘சுவோ மோட்டோ’ எழுதுவோர் செய்வது அதுவன்று. இலத்தீன் என்பதற்காகவே, கற்றோர் அவையில் மின்ன வேண்டும் என்பதற்காகவே, அவர்கள் அதனை அணிகின்றனர். காட்டுவதற்கென்றே அணியும் நகையைத் தலைகீழாக அணியலாமா?

எழுத்துப் பிழையினும் கொடியது பொருட்பிழை. ‘உறுப்பினர் பலரின் வேண்டுகோளுக்கிணங்கச் செயற்குழு சுவோ மோட்டோவாக முடிவு செய்தது’ என்னும் பாங்கில் எழுதுகின்றார்கள். வேண்டுகோளுக்கு இணங்கிய பின் தன் தூண்டுதல் எங்கே? மாறாக 2020ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செய்ததை எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்றால் வழக்காடுவோர் நீதிமன்றப் படியேற இயலாதிருந்த வேளையில், மனுத் தாக்கலுக்குரிய காலவரம்பை மார்ச்சு 15 முதல் அது தானே நீட்டித்தது. சொந்த ஊரில் நிலவழக்கு வைத்துக்கொண்டு இங்கே பிழைக்க வந்தவர்களுக்கு அந்த ஆணையின் அருமை தெரியும். அதுவே மெய்யான ‘சுவோ மோட்டு’. இத்தொடரைத் தமிழில் ‘தன்னிச்சையாக’ என்று பெயர்ப்பாரும் உளர். அது நீதிமன்றம் மனம்போன போக்கில் நடந்தது என்னும் பழியாக முடியும். ‘தாமாக முன்வந்து’ என்பதே தகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இலத்தீனை நமக்குக் கடன் கொடுத்த வீடே அதனைப் பெட்டியில் பூட்டத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26 முதல் நடப்புக்கு வந்த உரிமையியல் நடைமுறை விதிகள் ‘எக்ஸ் பார்ட்டே’ போன்ற தொடர்களை விலக்கி எளிய ஆங்கிலத்தை ஏற்றன. நீதிமன்றம் தானே முனைந்து ஆணையிடுவதை அவ்விதிகள் எளிய ஆங்கிலத்திலேயே குறிக்கின்றன. அமெரிக்க நீதிமன்றங்களோ ‘சுவா ஸ்பாண்டே’ என்னும் வேறொரு இலத்தீன் தொடரையே ஆள்கின்றன. வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகள் ‘சுவோ மோட்டோ’ என்று எழுதினால் அங்குள்ளார்க்குச் சொல்லும் புதிது, பிழையும் புதிது.

இது வெறும் புலவர் சண்டை அன்று. நம் உரிமையைத் தொடும் செய்தி. தகவல் அறியும் உரிமைக்குத் தமிழ்நாடு 1997லும் மகாராட்டிரம் 2002லும் சட்டம் கண்டன. நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுச் சட்டம் அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, முதல் விண்ணப்பம் நம் புணேயின் காவல் நிலையம் ஒன்றில்தான் அளிக்கப்பெற்றது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவில் ‘சுவோ மோட்டு’ என்னும் தொடர் பிழையின்றி அச்சாகியிருக்கின்றது. அரசு அலுவலகங்கள் இயன்றவரை தகவல்களைத் தாமாகவே மக்கள்முன் வைக்க வேண்டும் என்பது அதன் ஆணை. அத்தொடரை அலங்காரமென்று கருதிக் கண் தாண்டிச் செல்பவர், கேளாமலே தமக்குக் கிடைக்க வேண்டியதை விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, வரிசையில் நின்று கேட்கின்றார். மக்கள் தகவலுக்காக இச்சட்டத்தை நாடும் தேவையே மிகக் குறைந்திருக்க வேண்டும் என்று அதே உட்பிரிவு நோக்கமும் கூறியிருக்கின்றது.