இரகசியம் வேறு, வேதனை வேறு



போர்க்களத்தில் ஒன்றாக நின்றவர்களுக்கிடையே உள்ள உறவு சாதாரண நட்பு அல்ல. ஒருவனின் உயிர் மற்றவன் கையில் இருந்த நாட்களில் உருவான பிணைப்பு அது. போர் முடிந்த பின்னர் அந்தப் பிணைப்பும் அவனோடு வீட்டுக்கு வருகிறது. அங்கே இருக்கும் பெண் அதனை எப்படித் தாங்குகிறாள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பிரித்தானியாவின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 2018ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'பொடிகார்ட்' என்ற தொடர் நாடகம் இந்த விடயத்தைத் தொட்டுச் சென்றது. ஜெட் மேர்க்கூரியோ எழுதிய இந்தக் குற்றவியல் நாடகம் ஆறு பகுதிகளைக் கொண்டது. நான் இங்கு பேச விரும்புவது அதன் இரண்டாம் பகுதியைப் பற்றி.

டேவிட் பட் ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பியவன். இப்போது பொலிஸில் மெய்ப்பாதுகாவலன். அவன் பாதுகாக்க வேண்டியவர் உள்துறை அமைச்சரான ஜூலியா மொன்டேக். தன்னைப் போன்றவர்களைப் போருக்கு அனுப்புவதை ஆதரித்த அரசியல்வாதி அவர். டேவிட்டுடன் போரிட்ட அன்டி அப்ஸ்டெட் முகத்தில் போரின் தழும்புகளோடு, தீராத கோபத்தோடு வாழ்கிறான். இரண்டாம் பகுதியில் அமைச்சரின் வாகனம் மீது கூரையொன்றிலிருந்து துப்பாக்கிச் சூடு நடக்கிறது. சாரதி இறந்துவிடுகிறார். டேவிட் அமைச்சரைக் காப்பாற்றிவிட்டு மேலே ஓடுகிறான். அங்கே துப்பாக்கியோடு நிற்பவன் அன்டி! அவன் டேவிட்டைச் சுடவில்லை. தன் உயிரையே போக்கிக்கொள்கிறான்.

இறந்தவனைத் தனக்குத் தெரியும் என்று டேவிட் தன் அதிகாரிகளிடம் சொல்லவில்லை. விசுவாசமா, பயமா, இரண்டுமா? எதுவாக இருந்தாலும் அந்த மௌனம் யாரையும் காப்பாற்றவில்லை. தொடர்பு பின்னர் வெளிப்படும்போது அவன் மீதே சந்தேகம் விழுகிறது. அதனிலும் பெரிய நட்டம் அவனுக்குள் நடக்கிறது. நண்பனின் மரணத்துக்காக அழுவதற்குக்கூட அவனுக்கு ஓர் இடமில்லாமல் போகிறது.

இவனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள். பெயர் விக்கி, தொழில் தாதி. இரண்டு பிள்ளைகள். கதை தொடங்கும்போதே இருவரும் பிரிந்து வாழ்கிறார்கள். உதவி நாடும்படி அவள் சொல்லியும் அவன் மறுத்துவருகிறான். நண்பனுக்காக மறைப்பதும் தன் நோயை மறைப்பதும் அவனுக்கு ஒன்றாகிவிடுகின்றன. பேசினால் கோழை, பேசினால் துரோகி என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

இந்த நிலைமைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. முதலாம் உலகப் போரின்போது 'ஷெல் அதிர்ச்சி' என்றார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. நம் வைத்தியர்கள் 'மனவடு' என்ற சொல்லை எழுதுகிறார்கள். உறக்கமின்மை, கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், திடீர்க் கோபம், யாரோடும் ஒட்டாமை ஆகியன இதன் அடையாளங்கள். இது குணக்கேடு அல்ல, சிகிச்சை உள்ள நோய்.

சகோதரிகளே, 2009க்குப் பின் நம்மில் பலரது வீடுகளிலும் இப்படியான மௌனம் குடியிருக்கிறது. அதனைச் சுமப்பவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். கூட நின்ற தோழிக்குக் கொடுத்த வாக்கை இன்றும் காத்துவரும் பெண்களும் இருக்கிறார்கள். 'இதை வெளியில் சொன்னால் யாருக்கு ஆபத்து வருமோ' என்ற அச்சம் நியாயமானதே. எனவே ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். இரகசியம் வேறு, வேதனை வேறு. யார், எங்கே, எப்போது என்பதை ஒருவர் தம்மோடு வைத்திருக்கலாம். 'எனக்கு உறக்கம் வருவதில்லை, பிள்ளையை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, வாழப் பிடிக்கவில்லை' என்று சொல்வதற்கு எந்தப் பெயரும் தேவையில்லை. அது எவரையும் காட்டிக்கொடுப்பதாகாது.

கணவருக்காக வைத்தியரைத் தேடிச் செல்லும் பெண்ணும் அவரைக் காட்டிக்கொடுப்பவள் அல்லள். அதேவேளை, போரின் காயம் என்ற பெயரில் அடி உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. விக்கி விலகி வாழ்ந்தாள், ஆனால் அக்கறையை விடவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

நாடகத்தில் குண்டுகளும் துரத்தல்களும் நிறைய உண்டு. ஆனால் என் மனதில் நிற்பது இறுதிப் பகுதியில் வரும் ஓர் அமைதியான காட்சி. உளவளத்துணையாளர் முன் அமர்ந்து, தனக்கு உதவி வேண்டும் என்று டேவிட் கண்கலங்கச் சொல்கிறான். கூரையில் இறந்த அன்டிக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் வாய்ப்பு கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கும் நண்பன் அதைச் சொன்னான். இறந்த தோழனுக்கு அவன் செய்த உண்மையான மரியாதை இதுவே என்று எனக்குப் படுகிறது.

அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கு நீங்கள் செல்லலாம். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்துடன் பேசலாம். 'எனக்கு உதவி வேண்டும்' என்ற ஒரு வசனம் போதும், அதிலிருந்து தொடங்கலாம்.