ஆமைக்கு லைட் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு ஒரு பழமொழி உண்டு. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. நான் பார்த்த வரைக்கும் ஆமை புகுந்த வீடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆமைதான் உருப்படறதில்லை :-)

காரணம் ரொம்ப சிம்பிள். வெயில் இல்லை.

தரை ஆமையோட ஓடு, சட்டை மாதிரி மேல மாட்டின சமாச்சாரம் இல்லை. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து உருவானது. எலும்புக்குக் கால்சியம் வேணும். தின்ன கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேணும். டி3 உருவாக, 280-லிருந்து 315 நானோமீட்டர் அலைநீளத்தில் வர்ற யூவிபி கதிர் தோலில் படணும், உடம்பும் கதகதப்பா இருக்கணும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஓடு மெத்துன்னு ஆயிடும், கோணிக்கிட்டு வளரும், காலை இழுத்து இழுத்து நடக்கும். கோணின ஓடு அப்புறம் நிமிராது.

இதைப் படிச்சதும் நம்மாளுங்க செய்யற முதல் வேலை, ஆன்லைன்ல யூவிபி பல்பு தேடறது. இங்கதான் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. திருவண்ணாமலையில் உட்கார்ந்துக்கிட்டு வெயிலைக் காசு கொடுத்து வாங்கணுமா? இது அக்னி ஸ்தலம் சாமி! பகல்ல செருப்பில்லாம கிரிவலம் போனவங்க பாதத்தைக் கேட்டுப் பாருங்க, சொல்லும். இந்த பல்பெல்லாம் லண்டன், பெர்லின் மாதிரி மாசக்கணக்கில் வெயில் சரியா வராத ஊருக்காகக் கண்டுபிடிச்சது. நாம 12 டிகிரி வடக்கில் இருக்கோம். வருஷத்தில் பாதிக்கு மேல உச்சி வெயிலில் யூவி இண்டெக்ஸ் 10-ஐத் தாண்டும். ஆமைக்கு அதில் பாதி கூடத் தேவையில்லை.

அதுக்காக மதியம் 12 மணிக்கு மொட்டை மாடியில் விட்டுடாதீங்க. ஒரு எளிய கணக்கு இருக்கு. உங்க நிழல் உங்க உயரத்தை விட நீளமா, ஆனா ரெண்டு மடங்குக்கு மேல போகாம இருக்கிற நேரம் பாருங்க. நம்ம ஊரில் அது ஏறக்குறைய காலை 8-லிருந்து 9 மணி, சாயங்காலம் 4 மணியை ஒட்டி. அதுதான் சரியான வெயில். ஆமை தானா ஒதுங்க நிழலும், ஒரு தட்டில் தண்ணியும் கண்டிப்பா இருக்கணும். காக்காவும் பூனையும் வராம மேல வலை போடுங்க.

இன்னும் ரெண்டு தப்பு நடக்குது. ஒண்ணு, ஜன்னலோரம் வெச்சுட்டு "வெயில் காட்றேனே"ன்னு திருப்திப்படறது. ஜன்னல் கண்ணாடி யூவிபியைக் கிட்டத்தட்ட முழுசா நிறுத்திடும். ரெண்டாவது, மீன் தொட்டியோட தூக்கி வெயிலில் வைக்கிறது. அது வெயில் காட்றது இல்லை, வேக வைக்கிறது.

சரி, அடுக்குமாடியில் இருக்கேன், மாடிக்கு வழியில்லை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரமா மழை... அப்படின்னா லைட் வேணும்தான். அப்ப இதையெல்லாம் கவனிங்க.

1. பளிச்சுன்னு எரியறதால அது யூவிபி லைட் ஆயிடாது. மலை மேல ஏத்துற தீபம் பல மைல் தூரத்துக்குத் தெரியும், அதுக்காகக் கீழே நிக்கிறவனுக்குக் குளிர் விடுமா? வீட்டு எல்ஈடியில் யூவிபி சுத்தமா கிடையாது.

2. குட்டியா சுருள் பல்பை விட, பின்னாடி ரிஃப்ளெக்டர் வெச்ச நீளமான டி5 ட்யூப் நல்லது. கூண்டு நீளத்தில் பாதியாவது இருக்கட்டும்.

3. தலைக்கு மேலதான் மாட்டணும். பக்கவாட்டில் வெச்சா கதிர் நேரா கண்ணில் அடிக்கும். சூரியன் மேலதானே இருக்கு?

4. தூரம் முக்கியம். 10 அல்லது 12 சதவீத ட்யூப்னா ஓட்டிலிருந்து 30-45 செ.மீ. உத்தேசமான அளவு. நடுவில் கம்பி வலை இருந்தா மூணில் ஒரு பங்கு கதிரை அது தின்னுடும். கண்ணாடி மூடி இருந்தா லைட்டே வேஸ்ட்.

5. சூடு தர்ற பல்பும் இதுவும் ஒரே பக்கம் இருக்கணும். மறு பக்கம் நிழல்.

6. பகலில் 10-12 மணி நேரம் போதும். வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க. வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி குறைஞ்சிருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது.

கூடவே, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரைன்னு கிடைக்கிற கணவாய் ஓட்டையும் ஒரு ஓரமா போட்டு வைங்க. வெறும் வெள்ளரிக்காயிலும் தக்காளியிலும் கால்சியம் வராது.

இப்ப அசல் விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் தெரிஞ்சவர் ஒருத்தர் இந்த லைட் சமாச்சாரத்தைத்தான் கேட்டார். "என்ன ஆமைங்க?"ன்னேன். "முதுகில் நட்சத்திரம் போட்டிருக்கும் தம்பி, ராசின்னு சொன்னாங்க, பாப்பா பேரெல்லாம் வெச்சிருக்கா"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

நட்சத்திர ஆமை நம்ம வறண்ட புதர்க்காட்டுப் பிராணி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கவே கூடாது. 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிறகு அது முதல் அட்டவணையில், அதாவது புலியோட அதே வரிசையில் இருக்கு. தண்டனை 3-லிருந்து 7 வருஷம் வரை. 2019-ல் சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் முதல் இணைப்புக்குக் கொண்டு போனாங்க, உலக வர்த்தகத்துக்கே தடை. பழமொழியில் ஆமையையும் அமீனாவையும் சேர்த்து வெச்சது சும்மா இல்லை போல. சல்கேட்டா மாதிரி வெளிநாட்டு ஆமைன்னாலும் 2024 விதிகள்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யணும்.

அவருக்கு லைட் சொல்லலை. வனத்துறையில் ஒப்படைங்கன்னு சொன்னேன். "கேஸ் கீஸுன்னு வந்தா? பேசாம கோயில் குளத்தில் விட்டுடவா?"ன்னார். இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிச் சாகும். மலையடிவாரத்தில் விட்டாலும் கூண்டு நோயைக் காட்டு ஆமைக்குப் பரப்பிட்டு வரும். வக்கீல் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க, ஆனா போங்கன்னேன். பாப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கார். எனக்கும் அதுக்குப் பதில் தெரியலை.

என் கருத்து இதுதான். எந்த லைட், எத்தனை செ.மீ. தூரம் என்பதெல்லாம் மூணாவது கேள்வி. மொட்டை மாடி இருக்கா என்பது ரெண்டாவது. இந்த ஆமை என் வீட்டில் இருக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. இந்த வரிசையில் கேட்டா, நிறைய பேருக்கு மூணாவது கேள்வி வரைக்கும் வரவே வேண்டியிருக்காது.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஓடு மெத்துன்னு இருந்தா லைட் கடைக்கு இல்லை, டாக்டர்கிட்ட ஓடுங்க.