"என்ன வேலைம்மா பார்க்கறீங்க?"

விருத்தாசலம் செராமிக் தெரியாதவர் உண்டா? கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மீட்டர் பலகைக்குப் பியூஸ் கட்டை என்று அந்த ஊர்ச் சரக்கு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. பொம்மைக்கு மூக்கும் முழியும் வைப்பது பெரும்பாலும் பெண்களின் கை. காய்ந்த பொம்மையின் ஓரத்தைச் சுரண்டுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, சாயங்காலம் கொட்டகையைப் பெருக்குவது... எல்லாம் தூசி வேலை!

அது வீட்டுத் தூசி அல்ல. பீங்கான் கலவையில் குவார்ட்ஸ் கல்லின் பொடி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நின்றுவிடும். தெரியாத தூள்தான் நுரையீரலின் அடி வரை போய் உட்காரும். பல வருஷம் கழித்து இருமலும் மூச்சுத் திணறலும் தலைகாட்டும். 'சிலிகோசிஸ்' என்று பெயர். வந்தால் போகாது. காசநோயையும் கூட்டிக்கொண்டு வரும். ஆனால் வராமல் தடுக்க முடியும்.

இந்த இருமலோடு ஒரு ஆண் ஆஸ்பத்திரிக்குப் போனால், "என்ன வேலைப்பா?" என்ற கேள்வி எப்படியாவது வந்துவிடும். பெண் போனால்? "ரத்தம் கம்மியா இருக்கும்மா, இரும்பு மாத்திரை எழுதறேன்." இல்லாவிட்டால் அடுப்புப் புகை. அதுவும் இல்லாவிட்டால் குடும்பக் கவலை!

டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஆகவே ரத்தம் கம்மி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாக இருக்கும். வினையே அங்கேதான்! ரத்தசோகை உள்ளவள் நெஞ்சில் தூசியும் இருக்கலாமே? ஒன்று கிடைத்ததும் இன்னொன்றை யாரும் தேடுவதில்லை.

நோயாளியிடம் தொழிலைக் கேள் என்று 1700-ம் வருஷமே எழுதி வைத்தவர் இத்தாலி நாட்டு டாக்டர் ரமசீனி. மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு வரும் நோயைப் பற்றியும் தம் புத்தகத்தில் தனியாக எழுதியிருக்கிறார். 300 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது!

பீங்கானுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஸ்டாபோர்ட்ஷயரிலும் இதே கதைதான். சுட்ட பாத்திரத்தில் ஒட்டிய சிக்கிமுக்கிக் கல் தூளைத் தேய்த்து உதறும் வேலை அங்கே பெண்களுக்கு. நெஞ்சு நோயில் விழுந்தவர்கள் ஏராளம். 1947-ல்தான் அந்தத் தூளை அடுக்குப் பொடியாகப் போடக் கூடாது என்று விதி வந்தது. அதற்குப் பதில் அலுமினா போட்டார்கள். பாத்திரமும் நன்றாகத்தான் வந்தது.

கேள்வி கேட்காத பழக்கம் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. ஆராய்ச்சியிலும் அப்படித்தான். பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் புது மருந்தின் முதல் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து இலாகா 1977-ல் சொல்லி வைத்தது. பாதுகாப்புக்காகச் சொன்னதுதான். விளைவு? ஆண் உடம்பில் பார்த்த அளவே பெண்ணுக்கும் அளவானது. 1993-ல்தான் போக்கு மாறியது. 'சோல்பிடெம்' என்ற தூக்க மாத்திரை பெண்கள் உடம்பில் மெதுவாகக் கரைகிறது என்பதால், அவர்களுக்கு 10 மில்லிகிராமை 5 ஆகக் குறைக்கச் சொன்னது 2013-ல். அதற்குள் அந்த மாத்திரை கடைக்கு வந்து 20 வருஷம் ஓடிவிட்டது!

முகமூடி சமாசாரமும் இதே ரகம். ஆண் முகத்துக்கு அளவெடுத்த தூசி முகமூடி சின்ன முகத்தில் பொருந்தாது. கன்னத்தோரம் இடைவெளி விழும். தூள் அந்த வழியாகவே போகும். முதலாளி வாங்கித் தந்தார், அவளும் மாட்டினாள், பலன் பாதிகூட இல்லை. துணியை முகத்தில் சுற்றிக்கொள்வது அதைவிட மோசம்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை அல்ல. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு பெருக்கினாலே தூசி எழும்புவது குறையும். ஓரம் சுரண்டும் மேஜையருகே தூசி உறிஞ்சும் விசிறி வேண்டும். கூலிக்கு வருகிற பெண்களையும் சேர்த்து, பேட்டையிலேயே வருஷா வருஷம் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாலு பேர் வேலை பார்க்கும் கொட்டகைதானே என்று விட்டுவிடக் கூடாது. தூசிக்கு ஆள் கணக்குத் தெரியாது.

சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளை ஒரு நாள் இந்தக் கொட்டகைகளுக்கு அழைத்து வந்து காட்டலாம். புத்தகத்தில் சிலிகோசிஸ் என்றால் கல் உடைக்கும் ஆண்தான் அவர்கள் மனசில் வருவான். பொம்மை தேய்க்கும் அம்மாவையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஓ.பி. சீட்டில் பெயர், வயதுக்குப் பக்கத்தில் 'வேலை' என்று ஒரு வரி போதும். அதில் 'வீட்டு வேலை' என்று தானாக எழுதிவிடாமல், எதிரே நிற்கிறவளைக் கேட்டு எழுத வேண்டும்.