விதி என்று சொல்லி முடிக்கலாமா?

நாகூருக்குப் பயணம் புதிதல்ல. பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பலேறிப் போன பாட்டன்மார்களின் ஊர் இது. யார் வெளியூர் கிளம்பினாலும் தர்காவில் ஒரு ஃபாத்திஹா, வாசலில் ஒரு துஆ, "இன்ஷா அல்லாஹ், நல்லபடியா போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை. ஆனால் பக்கத்து நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகள் கரையில்தான். துஆ கேட்டாயிற்றே, புயல் என்ன செய்துவிடும் என்று யாரும் கடலில் இறங்குவதில்லை.

கடல் விஷயத்தில் இருக்கும் இந்தப் புத்தி, ஆகாய விஷயத்தில் எங்கே போகிறது? நடிகை சௌந்தர்யாவின் மரணத்தை மக்கள் பேசும் விதத்தைக் கேட்டால் இந்தக் கேள்விதான் வருகிறது.

2004 ஏப்ரல் 17, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு மூன்றே நாட்கள். பா.ஜ.க. பிரச்சாரத்துக்காக பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கரீம்நகருக்குக் கிளம்பினார் சௌந்தர்யா. செஸ்னா 180 என்ற ஒற்றை எஞ்சின் விமானம். உள்ளே அவர், அவருடைய அண்ணன், இன்னொருவர், விமானி என நான்கு பேர். எழும்பிய சற்று நேரத்திலேயே விமானம் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. நால்வரும் இறந்தார்கள்.

'பொன்னுமணி', 'அருணாச்சலம்', 'படையப்பா' என்று தமிழ் வீடுகளுக்கு நன்கு பழகிய முகம். அவர் தயாரித்த 'த்வீபா' என்ற கன்னடப் படம் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. தமிழில் 'சந்திரமுகி'யில் ஜோதிகா செய்த பாத்திரத்தைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வில் செய்தவர் அவர்தான். அந்தப் படம் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இப்போதும் டீக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் என்ன சொல்கிறார்கள்? "பாவம், விதி." இன்னும் சிலர் ஜாதகத்தை இழுப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். வரவு செலவைச் சரிபார்க்காமலே பேரேட்டை மூடி வைப்பது போலத்தான் இது. நான்கு உயிர்கள் போன கணக்கு அது!

சிறிய விமானம் எழும்பும் நேரம் ஏன் ஆபத்தானது என்பதில் மாய மந்திரம் எதுவும் இல்லை. விமானத்தைத் தூக்கி நிறுத்துவது வேகம். எழும்பும்போது வேகமும் குறைவு, உயரமும் குறைவு. பத்தாயிரம் அடியில் எஞ்சின் நின்றால் இடம் தேடி இறக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். நூறு, இருநூறு அடியில் நின்றால் சில விநாடிகள்தான். அந்த நேரத்தில் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று சட்டென வளைத்தால், இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்து விமானம் கல் மாதிரி விழும். அதனால்தான் நேராக எதிரே தெரியும் இடத்தில் இறக்கு, திரும்பாதே என்று பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். ஊரின் உயரமும் வெயிலும் வேறு உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு, சித்திரை வெயிலில் இன்னும் லேசாகும். நாகூர் கடற்கரையில் சுலபமாக எழும்பும் அதே விமானம், அதே பாரத்தோடு அங்கே அதிக தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். இதெல்லாம் விதி அல்ல, கணக்கு. கணக்கு என்றால் கற்றுக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்வது எப்படி என்பதற்கு இன்னொரு விபத்தைப் பாருங்கள். 2015 டிசம்பர் 22 அன்று எல்லைப் பாதுகாப்புப் படையின் சூப்பர் கிங் விமானம் டெல்லியிலிருந்து ராஞ்சிக்குக் கிளம்பியதும் விழுந்தது. ஒரு ஹெலிகாப்டரைப் பழுது பார்க்கப் போன தொழில்நுட்பப் பணியாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பழைய விமானத்தில் ஏன் அனுப்பினீர்கள் என்று குடும்பத்தினர் அழுதார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விசாரணை அறிக்கை சொன்ன காரணம் வேறு. பார்வை தெளிவில்லாத நேரத்தில், எழும்பியவுடனே தானியங்கிக் கருவியை இயக்கியிருக்கிறார்கள். எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கான நிலையைத் தேர்வு செய்யவில்லை. விமானம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனதை நேரத்தோடு சரிசெய்யவில்லை. பழைய விமானம் என்று மட்டும் சொல்லி விட்டிருந்தால், புது விமானத்திலும் அதே தவறு நடந்திருக்கும். இன்று எந்தப் பயிற்சி விமானியும் அந்த அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

"காரணம் தெரிந்தால் போன உயிர் வந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வராது. நாளைக்கு ஏறப்போகிறவர்களுக்காகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 2001இல் மாதவராவ் சிந்தியா, 2002இல் மக்களவைத் தலைவர் பாலயோகி, 2009இல் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி என்று சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் போன அரசியல் பயணங்கள் எத்தனை! ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் இந்தப் பயணங்களுக்கென்று ஒரு அவசரம் உண்டு. கூட்டம் காத்திருக்கிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவர்கள் "கிளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்போது "இன்று வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் ஒரு வாடகை விமானியிடம் இருக்க வேண்டுமானால், அந்தச் சொல்லை மதிக்கும் பழக்கம் ஏறுகிறவர்களிடம் இருக்க வேண்டும். எல்லாம் விதிதான் என்று நம்புகிறவர் விமானியின் பேச்சை ஏன் கேட்கப் போகிறார்?

ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அப்புறம் இறைவன் மேல் பொறுப்பைப் போடு என்று நபிகள் நாயகம் சொன்னதாக நாகூரில் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். விதியை நம்புகிறவர்களுக்கே சொன்ன அறிவுரை அது. புயல் கூண்டும் அப்படித்தான். அது யாருடைய நம்பிக்கையையும் குறைக்கவில்லை. முன்னால் வந்த புயல்களில் கற்றதை, அடுத்துக் கடலுக்குப் போகிறவனின் கண்ணில் படும்படி உயரத்தில் ஏற்றி வைக்கிறது, அவ்வளவுதான்.

சௌந்தர்யாவை நினைக்கும்போது "விதி" என்ற சொல்லுக்குப் பதிலாக "ஏன்?" என்று ஒரு சொல் வரட்டும். அவருக்கும் அவரோடு போன மூவருக்கும் செலுத்த வேண்டிய மரியாதை அதுதான்.