கூரை மேல் ஓடுவது நரியல்ல

தீபகற்ப மலேசியாவில் நரி கிடையாது. நாய்க் குடும்பத்தில் நம் காட்டுக்கென்று இருப்பது செந்நாய் ஒன்றுதான். அதுவும் பெருங்காடுகளில், அபூர்வமாகக் கண்ணில் படுவது. ஆனாலும் எங்கள் தாமானில் யாரைக் கேட்டாலும் "ராத்திரி சீலிங் மேல நரி ஓடுதுங்க" என்பார்கள். மூசாங் என்ற மலாய்ச் சொல்லை ஆங்கிலத்தில் 'ஃபாக்ஸ்' என்று சொல்லிப் பழகியதன் விளைவு. நல்லவன்போல நடிப்பவனை மலாயில் 'கோழி இறகு போர்த்திய மூசாங்' என்பார்கள். அங்கேயும் தமிழில் எழுதும்போது மூசாங் நரியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு நம் ஜொகூரில் குளுவாங் பட்டணம் வேறு இருக்கிறது. அந்தப் பெயர் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் கெலுவாங் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் 'பறக்கும் நரி' என்று பெயர். நரியே இல்லாத மாநிலத்தில் கூரைக்கு ஒரு நரி, வானத்துக்கு ஒரு நரி.

கூரை மேல் ஓடுகிற மூசாங்குக்குத் தமிழில் நல்ல பெயர் உண்டு: மரநாய். அது நாயுமல்ல, பூனையுமல்ல, தனிக் குடும்பம். மூன்று கிலோ சுமாருக்கு எடை, உடம்பு நீளத்துக்கு வால், முகத்தில் கறுப்பு முகமூடி. பயந்தாலோ கோபப்பட்டாலோ வால் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு வாடை விடும். சாதாரண நேரத்தில் அதன் மேல் வீசுகிற மணம் பாண்டான் இலை மணத்தை ஒத்தது என்பதால் மலாயில் மூசாங் பாண்டான். ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சுரப்பி விதைப்பைபோலத் தெரிவதால், 1777இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய பல்லாஸ் 'இருபாலி' என்று பொருள்படும்படி வைத்துவிட்டார். இன்னும் அதே பெயர்தான். ஆங்கிலேயர்கள் பேச்சு வழக்கில் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும்: 'டாடி கேட்', கள்ளுப்பூனை. மரத்தில் கட்டிய கலயத்தில் வாய் வைத்துக் குடித்துவிடும் பழக்கத்தால் வந்த பெயர். தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்த தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டாம்.

குடிகாரன் என்று ஒதுக்கிவிட முடியாது, வேலைக்காரன். பப்பாளி, மாம்பழம், ரம்புத்தான், சிக்கு, அத்தி, கூந்தல்பனைப் பழம் என்று எது பழுத்தாலும் தின்னும். விதையை மெல்லாமல் விழுங்கி, வேறிடத்தில் போய்க் கழிக்கும். சபாவின் தாபின் வனவிலங்குக் காப்பகத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆற்றங்கரை, மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த இடம் போன்ற திறந்தவெளிகளைத் தேடிப் போய்க் கழிக்கிறதாம். குரங்கும் பறவையும் பல விதைகளை மரத்தடியிலேயே சிந்திவிட்டுப் போகும். இது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில்தான் கன்றுக்கு வெயில் கிடைக்கிறது.

பழத்தோடு எலியும் தின்னும். செம்பனைத் தோட்டத்தில் எலி செய்கிற சேதம் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். குலையைச் சுரண்டியே நாசமாக்கிவிடும். அதற்கு விஷக்கட்டி வைப்பார்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு சில நாள் நடமாடும். அப்படி நடமாடும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்கும் மரநாய்க்கும் சுலபம். விஷம் எலியிலிருந்து அடுத்த வயிற்றுக்குப் போய்விடுகிறது. வீரியம் கூடிய புதிய மருந்துகளில் இந்த ஆபத்து அதிகம். ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்திய தோட்டங்களில், மருந்தை மாற்றியபிறகு ஆந்தைகள் குறைந்துபோனது 1980களிலேயே நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது. ஆந்தை குறைந்தால் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மரநாய்க்குப் பெட்டி இல்லை, அதனால் எண்ணிப் பார்ப்பவரும் இல்லை.

நான் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் விஷமல்ல, நோய். சென்ற மாதம் ஒரு பட்டப்பகலில், எங்கள் வரிசைக்குப் பின்னாலிருக்கும் கால்வாய் ஓரத்தில் ஒரு மரநாய் நின்றுகொண்டிருந்தது. பகல் முழுக்கத் தூங்குகிற பிராணி பகலில் நிற்பதே சரியில்லை. கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்னங்கால் பின்னிப் பின்னி நடை. வாய் சும்மா மெல்லுவதுபோல அசைந்தது. சைக்கிளில் வந்த பையன்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவன், "அங்கிள், இது கடிக்கவே இல்ல, தொட்டுப் பாக்கட்டா?" என்றான். கடிக்காமல் நிற்பதுதான் பயம். அவர்களை விரட்டிவிட்டு, தெருநாய் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, பெர்ஹிலித்தானுக்குப் போன் போட்டோம். கையுறையும் கூண்டுமாக இரண்டு பேர் வந்து எடுத்துப்போனார்கள்.

பழக்கமான கால்நடை மருத்துவரிடம் அடையாளங்களைச் சொன்னேன். "டிஸ்டெம்பரா இருக்கலாம் சார். ஆனா ரேபிஸ் இல்லைன்னு வெறும் கண்ணால யாரும் சொல்ல முடியாது. மூளையைச் சோதிச்சாத்தான் தெரியும்" என்றார்.

டிஸ்டெம்பர் நாய் வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். முதலில் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு. பிறகு கிருமி மூளைக்கு ஏறினால் வலிப்பு. தட்டம்மைக் கிருமியின் உறவுக்காரன் இது. மனிதனுக்கு நோயாக வருவதில்லை. ஆனால் நாயோடு நிற்காமல் நரி, மரநாய், புலி வரை போகும். தாய்லாந்தில் பண்ணையில் வளர்த்த மரநாய்களிடையே பரவிக் கொன்றிருக்கிறது. மருந்தால் கிருமியைக் கொல்ல வழியில்லை. தடுப்பூசி ஒன்றுதான் வழி. அதைக் காட்டில் திரிகிற பிராணிக்கு யார் போடுவது?

இந்த இடத்தில் உண்மையான நரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வட அமெரிக்காவில் சாம்பல் நரி என்று ஒன்று உண்டு. நரிகளில் இது தனி ரகம். வளைந்த நகத்தால் பற்றி மரம் ஏறும், பழம் தின்னும், எலி பிடிக்கும், இரவில் வீட்டோரம் வரும். ஏறக்குறைய நம் மரநாய் பார்க்கும் அதே உத்தியோகம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் நோயுற்றும் இறந்தும் கிடைத்த சாம்பல் நரிகளை ஆராய்ந்தபோது மிகப் பெரிய எமனாகத் தெரிந்தது டிஸ்டெம்பர்தான். அதன் சிறிய உறவு, தீவு நரி, கலிபோர்னியாவை ஒட்டிய தீவுகளில் வாழ்கிறது. சாந்தா கட்டலினா தீவில் 1999இல் டிஸ்டெம்பர் புகுந்தது. சுமார் 1,300 நரிகள் இருந்த தீவில் ஏறத்தாழ 100 மிஞ்சின. மிஞ்சியவற்றைப் பிடித்து ஊசி போட்டு, கூண்டில் இனப்பெருக்கம் செய்து விட்டு, பத்துப் பதினைந்து ஆண்டில் மறுபடி ஆயிரத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். டெக்சஸில் வேறு கதை. அங்கே சாம்பல் நரிகளிடையே ரேபிஸ் பரவ, 1996 முதல் தடுப்பு மருந்தை இரைக்குள் வைத்து விமானத்திலிருந்து தூவினார்கள். நரி தானாகத் தின்று தானாக எதிர்ப்புச் சக்தி பெற்றது.

நமக்கு விமானம் வேண்டாம். நம் மரநாய்க்கும் நோய்க்கும் நடுவே நிற்பது நம் வீட்டு நாய். தாமானில் எத்தனை நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது? சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஊசி எதற்கு என்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ராத்திரி அந்த நாயின் சாப்பாட்டுத் தட்டை நக்க வருவது யார் என்று அவர்கள் பார்ப்பதில்லை. வெளியில் விடுகிற பூனைத் தீனியும் அப்படித்தான். பார்வோ வகைக் கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பூனையும் மரநாயும் ஒரே தட்டில் வாய் வைத்தால் போதும்.

ரேபிஸ் விஷயத்தில் பயமும் வேண்டும், நிதானமும் வேண்டும். தீபகற்பத்தில் ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் மறுபடி தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் நாய்க்கடியால் உயிர்கள் போயிருக்கின்றன. எந்தப் பிராணி கடித்தாலும், பிராண்டினாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேலைக்காகாது.

பயத்தில் கொல்லப் புறப்படுவதும் நடந்திருக்கிறது. 2003இல் சார்ஸ் கிருமியைச் சீனச் சந்தை ஒன்றிலிருந்த முகமூடி மரநாய்களில் கண்டார்கள். 2004 ஜனவரியில் குவாங்டோங் மாநிலத்தில் சுமார் 10,000 பிராணிகளைக் கொல்ல உத்தரவு போட்டார்கள். மறு ஆண்டே ஒருவகை வௌவால்தான் மூல இருப்பிடம் என்று தெரியவந்தது. சந்தையில் நெருக்கி அடைத்து வைத்ததுதான் கோளாறு. 'லுவாக்' கோப்பிக்காகக் கம்பிக் கூண்டில் அடைத்து, கோப்பிப் பழத்தையே ஊட்டி வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் கோப்பியை நான் குடித்ததில்லை, குடிக்கிற எண்ணமும் இல்லை. குளுவாங் கோப்பி எனக்குப் போதும்.

கால்வாய் விஷயம் தாமானில் பரவியதும் எதிர்வீட்டு அக்கா வாழைப்பழத்தில் மருந்து வைக்கப் போவதாகச் சொன்னார். "என் பேரப்பிள்ளை விளையாடுற இடம் தம்பி, நான் என்ன பண்றது?" கோபமில்லை, பயம்தான். அவர் பயம் நியாயமானது. வைக்கிற பழத்தை நோயுள்ள மரநாய் தின்னாது, அதற்குப் பசியே இருக்காது. ஆரோக்கியமானது தின்னும், பக்கத்து வீட்டு நாய் தின்னும், பேரப்பிள்ளை எடுத்தாலும் எடுக்கும் என்று சொன்னேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாய் பாதுகாக்கப்பட்ட பிராணி. உரிமமில்லாமல் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது, 2022 திருத்தத்தில் தண்டனை கூடியிருக்கிறது என்றும் சொன்னேன். சட்டத்தைக் கேட்டு அவர் அசைந்ததாகத் தெரியவில்லை. பேரப்பிள்ளை என்றதும் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

பிறகு இருவருமாக அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். மாமரக் கிளை ஒன்று கூரையில் படுத்திருந்தது, அதுதான் ஏணி. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி, அதுதான் வாசல். அவர் மகன் அன்று மாலையே கிளையை வெட்டினார். இடைவெளியை உடனே அடைக்க வேண்டாம் என்று தடுத்தேன். ஒரு ஈட்டில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை இருக்கும். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்து நாறும், தாய் ஓட்டைப் பிரிக்கும். சீலிங்கில் கீச்சுச் சத்தம் இல்லை என்று மூன்று நான்கு இரவு கேட்டு உறுதி செய்துகொண்டு, எல்லாம் இரை தேடிப் போன பிறகு, இருட்டி ஒன்பது மணிக்கு மேல் கம்பி வலையை அடிக்கச் சொன்னேன். உதிர்ந்த மாம்பழத்தை அன்றன்றே பொறுக்குவது அக்காவின் பொறுப்பு. அவர்கள் வீட்டு நாய்க்கும் என் வீட்டுப் பூனை இரண்டுக்கும் வருகிற சனிக்கிழமை ஊசி. ஒரே வண்டியில் போகிறோம். எண்ணெய்க் காசு பாதிப் பாதி.