காம்பு கிள்ளியதும் உணவு

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, மனிதர் உட்கொள்வதற்கென உள்ள எந்தப் பொருளும் உணவே. அதோடு விட்டிருக்கலாம். சூயிங்கம்மும் பாட்டில் தண்ணீரும் உணவு, கால்நடைத் தீவனம் உணவல்ல, அறுவடைக்கு முந்தைய பயிரும் உணவல்ல என்று விளக்கம் நீள்கிறது. ஆக, சித்தூர்த் தோப்பில் பெங்களூரா மாங்காய் கிளையில் தொங்கும்வரை வெறும் தாவரம். காம்பைக் கிள்ளியதும் உணவாகிக் கூழ் ஆலைக்குப் போகிறது. அணில்களுக்கு இந்த விதி இன்னும் எட்டவில்லை.

இவ்வளவு தெளிவாக எழுதியும் திருப்பதி லட்டு சிக்கிக்கொண்டது. கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய் சேர்ந்த அந்த உருண்டைக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவேட்டில் அதன் வகை உணவுப் பொருள். 2016-இல் உரிமமும் காலாவதித் தேதியும் பற்றிய கேள்வி எழுந்தபோது, அது பிரசாதம், உணவன்று என்பது தேவஸ்தானத்தின் வாதம். லட்டு சட்டத்துக்கு உட்பட்ட உணவே என்றது உணவுப் பாதுகாப்பு ஆணையம். இதைச் சொல்ல ஓர் ஆணையம் வேண்டியிருந்தது! உரிம விதிமுறைகளோ, சமய நிகழ்ச்சிகளில் உணவு வழங்குவோரையும் 2011-லேயே பதிவுக்குரியவர் கணக்கில் சேர்த்திருந்தன.

- ஒரு வாசகர், சித்தூர்